கரண்டி பிடித்த கை

இன்று கொள்ளுப்பிட்டியில் எங்கள் ரொட்டரிக் கழகத்தின் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த இசைக்குழு நடத்துநர் ஒருவர்தான் விருந்தினர். சோறு ஆறிப்போகும்வரை கேள்வி கேட்டோம். கரண்டியையே கோலாகப் பிடித்துக் காட்டினார்: வலது கை தாளத்துக்கு, இடது கை சத்தத்தைக் கூட்டக் குறைக்க. கச்சேரிக்கு முன் ஓபோ என்ற ஊதுகருவி ஒரு சுரம் கொடுக்கும், பெரும்பாலும் 440 ஹெர்ட்ஸ், எல்லோரும் அதோடு சேர்வார்கள் என்றார். எனக்கு உடனே அம்மாவின் சுருதிப்பெட்டிதான் ஞாபகம் வந்தது.

1958 இலிருந்து கொழும்பில் ஒரு சிம்பனி இசைக்குழு இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை நேரில் கேட்டிருக்கிறார்கள்? அடுத்த கச்சேரிக்கு வெள்ளவத்தைப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூட்டிப்போகிறேன். வான் பிடித்தாயிற்று. இன்னும் நாலு இடம் இருக்கிறது, விருப்பமென்றால் சொல்லுங்கோ.