அடங்கவில்லை

“நான் பேசலைன்னாலும் எழுதிடுவான் சார். அதான் பேசிடுறேன்.”

ஏழாம் வகுப்புப் பையன் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையத்தானே செய்வோம் என்கிற மாதிரி சொன்னான். அவனை எழுப்பி நிறுத்தி, “தினமும் உன் பேரு மட்டும் ஏன்டா இருக்கு?” என்று நான் கேட்டதற்கு வந்த பதில் அது.

கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டு, அடியில் கோடு போட்டு, பெயர்கள் இருந்தன. அவன் பெயர் மூன்றாவது. பக்கத்தில் ஆறு பெருக்கல் குறிகள். அப்புறம் ‘மி.மி.அ’, அதாவது மிக மிக அதிகம். அதற்கும் பிறகு, இடம் போதாமல் பலகையின் ஓரத்தில் சாய்த்து ‘அடங்கவில்லை’.

நான் பிள்ளைகளை அடிப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. அடி வாங்கிப் படித்தவன் நான். அந்தப் பயத்தில் கணக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். ‘அடியாத மாடு படியாது’ என்று ஓய்வறையில் யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவேன். ஆனால் சட்டப்படி 35 பேருக்கு ஓர் ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில், ஒருவர் பயிற்சிக்குப் போனால் இரண்டு வகுப்பையும் நான்தான் பார்க்க வேண்டும். பக்கத்து அறைக்குப் போகும்போது லீடர் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போவேன். பிரம்பு இல்லை, திட்டு இல்லை, வெறும் பெயர்தானே என்றுதான் நினைத்திருந்தேன்.

அதே 17-வது பிரிவு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தேதான் தடை செய்கிறது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டுதல்களில், கூச்சப்படுத்தித் திருத்தப் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. இதையெல்லாம் படித்தவன்தான் நான். நம் கரும்பலகையும் அதில் சேரும் என்று தோன்றவே இல்லை. ஆறு பெருக்கல் குறிகளோடு நாள் முழுக்க நாற்பது பேர் முன்னால் ஒரு பெயர் கிடந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

சரி, அந்த நிமிடத்துக்கு வருகிறேன். அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது. டஸ்டரை எடுத்துப் பலகை முழுவதையும் அழித்தேன். “இனிமே இந்த வகுப்புல யாரும் யார் பேரையும் எழுத வேண்டாம்” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். லீடர் இன்னும் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். விரலெல்லாம் சாக்பீஸ் மாவு.

“நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?”

“உட்காரு” என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஜூன் மாதம் அவனைக் கூப்பிட்டு, “உன் ஃப்ரெண்டா இருந்தாலும் பேர் எழுதணும்” என்று சொன்னது நான்தான். அவன் அப்படியே செய்தான். பக்கத்தில் உட்காருகிறவன் பெயரையும் எழுதி, அந்தச் சிநேகிதத்தையும் இழந்திருந்தான். இடைவேளையில் மற்றவர்கள் அவனைப் ‘போலீஸ்’ என்று கூப்பிடுவது என் காதிலும் விழுந்திருக்கிறது. சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒரு பையனின் மரியாதையைக் காப்பாற்றுவதற்கு இன்னொரு பையனின் மரியாதையைக் கொடுத்துவிட்டேன். கைதட்டல் எனக்குக் கிடைத்தது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்? லீடரைத் தனியாக அழைத்துப் பேசிவிட்டு, பெயர் எழுதுவதை மறுநாள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதுவரை அந்த ‘அடங்கவில்லை’ பலகையில் இருந்திருக்குமே! பெயர் பட்டியலில் கிடந்தவனுக்கு ஒரு நாள் என்பது சின்ன விஷயமா? அழித்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். “நான்தான்பா சொன்னேன், தப்பு என்னுது” என்று அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது மட்டும் வாயில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டியருகே லீடரிடம், “உன் மேல தப்பு இல்லப்பா” என்றேன். “சரிங்க சார்” என்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வருடம் முடியும்வரை அவன் வகுப்பில் தானாகக் கை தூக்கவில்லை. அதற்கு நான் காரணமா, வளர்கிற வயதா, தெரியவில்லை. நான் இல்லை என்று நினைத்துக்கொள்ள ஆசைதான்.

பேசுகிறவன் இன்றும் பேசுகிறான். முன்னைவிடக் குறைவா, அதிகமா என்று சொல்ல முடியாது. முன்பு அவன் எவ்வளவு பேசினான் என்பதே எனக்கு லீடர் எழுதித்தான் தெரியும்.

இந்த ஜூனில் புதிய ஏழாம் வகுப்பு. முதல் வாரமே மறுபடி இரண்டு அறை. திரும்பி வந்து பார்த்தால், ஒரு பெண் பலகையில் கோடு போட்டு ‘பேசியவர்கள்’ என்று எழுதி, நான்கு பெயர் சேர்த்திருந்தாள். யார் எழுதச் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல சார். நீங்க வெளிய போனா எழுதணும்ல?”

இந்த முறை டஸ்டரை நான் எடுக்கவில்லை. அவளிடமே கொடுத்து, “அழிச்சிடும்மா” என்றேன். அவள் பலகையை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏன் சார், யார் பேரையாவது தப்பா எழுதிட்டேனா?”