சிவப்பா இருந்தா அது மூடி இல்லையா?

பேட்டன்ட் அட்டர்னி, அதாவது கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர், அந்த வேலைக்கு டிரெய்னியாக விண்ணப்பித்தபோது எனக்குச் சட்டம் ஒரு வரிகூடத் தெரியாது. படித்தது மெக்கானிக்கல். அது ஒரு குறையே இல்லை, இந்தத் துறையில் பெரும்பாலும் அறிவியலோ இன்ஜினியரிங்கோ படித்தவர்களை எடுத்து, சட்டத்தை வேலையோடு வேலையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது தெரியாமல் நான் ஒரு வாரம் கண் விழித்துச் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். இன்டர்வியூவில் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

மேசையில் ஒரு பேனா மூடியை வைத்தார்கள். "இதைப் பார்க்காத ஒருத்தருக்கு இது என்னன்னு சொல்லுங்க." நீல நிறம், பிளாஸ்டிக் என்று ஆரம்பித்தேன். "சிவப்பா இருந்தா அது மூடி இல்லையா?" என்றார் ஒருவர். அப்போதுதான் உறைத்தது. ஒரு முனை அடைத்த குழல், பேனாவின் முனைப்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கும் உள்பக்கம், சட்டைப்பையில் மாட்ட வெளிப்பக்கம் ஒரு கை என்று தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தேன். வேலை கிடைத்தது. திருத்தினால் திருந்துகிற ஆளா என்றுதான் பார்த்தோம் என்று பிறகு சீனியர் சொன்னார்.

முதல் சில மாதங்கள் பிரையர் ஆர்ட் தேடல்தான், அதாவது இதே யோசனை இதற்கு முன் உலகத்தில் எங்காவது வெளிவந்திருக்கிறதா என்று பழைய பேட்டன்ட்களைத் தோண்டுவது. அலுப்பான வேலை, ஆனால் மற்றவர்கள் கிளெய்ம் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை வகுக்கும் வாக்கியம்) எழுதும் விதம் அதில்தான் பழகும்.

அப்புறம் என் முதல் டிராஃப்ட். மூடி திறக்கும் ஒரு பெட்டி. 'ஸ்க்ரூவால் பொருத்தப்பட்ட கீல்' என்று முதல் கிளெய்மில் எழுதியிருந்தேன், ஏனென்றால் கண்டுபிடித்தவர் தந்த படத்தில் ஸ்க்ரூ இருந்தது. சீனியர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, "போட்டிக்காரன் பசை போட்டு ஒட்டினா என்ன பண்ணுவ?" என்றார். அவன் தப்பித்துவிடுவான், அவ்வளவுதான். 'பொருத்தப்பட்ட' என்பதோடு நிறுத்தி, ஸ்க்ரூவைக் கீழே ஒரு சார்புக் கிளெய்முக்கு, அதாவது முதல் கிளெய்மோடு கூடுதல் விவரம் சேர்க்கும் கிளெய்முக்கு, தள்ள வேண்டும். சரி என்று அடுத்த முறை எல்லாவற்றையும் பொதுவாக்கினேன். அது எவ்வளவு அகலமாகிவிட்டது என்றால், வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய டப்பாவும் அதற்குள் அடங்கும், அப்புறம் அதில் புதுமை எங்கே? இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கப் பழகத்தான் வருடக்கணக்கில் பயிற்சி. ஒரே ஒரு சொல்லில்கூடப் பெரிய வித்தியாசம் வரும்: 'கம்ப்ரைசிங்' என்றால் சொன்னதோடு வேறு பாகங்களும் இருக்கலாம், 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்றால் சொன்னது மட்டும்தான்.

இன்னொன்று, பேட்டன்ட் விண்ணப்பம் போட்ட பிறகு அதில் புது விஷயம் எதையும் நுழைக்க முடியாது. விட்டது விட்டதுதான். அதனால் கண்டுபிடித்தவரிடம் அசட்டுக் கேள்வியெல்லாம் கேட்கக் கூச்சப்படாதீர்கள், நான் கூச்சப்பட்டு, கண்டுபிடிப்பின் இன்னொரு வடிவத்தையே எழுதாமல் விடப் பார்த்தேன்.

நான் நிஜமாகவே பயந்தது தேதி விஷயத்தில். முதல் விண்ணப்பத்தின் தேதியையே வெளிநாட்டிலும் கணக்கில் எடுக்க வைக்க (இதைத்தான் முன்னுரிமை என்கிறார்கள்), அதிலிருந்து 12 மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கோப்பில் இரண்டு முன் விண்ணப்பங்கள் இருந்தன, நான் இரண்டாவதிலிருந்து எண்ணிவிட்டேன். தேதிகளைக் கவனிக்கும் அக்கா பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால் முதல் விண்ணப்பத்தின் முன்னுரிமை போயிருக்கும். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

வேலை பார்த்துக்கொண்டே தகுதித் தேர்வுக்கும் படிக்க வேண்டும், அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

போன வாரம் ஒரு டிராஃப்ட் திரும்பி வந்தது. முதல் கிளெய்மில் ஒரே ஒரு சிவப்பு வட்டம், 'கணிசமாக' என்ற சொல்லைச் சுற்றி. ஓரத்தில் "எவ்வளவு?" என்று மட்டும் சீனியர் எழுதியிருந்தார்.