11 நடை நடந்து வாங்கிய கூட்டுப் பட்டா

போன வியாழக்கிழமை பட்டா கைக்கு வந்தது. 14 மாதம், 11 நடை. எங்கள் பக்கம், செட்டிநாட்டுக் கிராமங்களில், பல வீட்டுப் பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் யாராவது படித்தால் இரண்டு நடையாவது மிச்சமாகும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுடையது கண்மாய்ப் பாசனத்தில் 37 ஏர், அதாவது 91 சென்ட். ஐயா (அப்பாவைப் பெற்றவர்) 1967-ல் ஒரு செட்டியார் வீட்டாரிடம் கிரயம் வாங்கியது. ஐயா 1984-ல் போய்ச் சேர்ந்தார். அப்பா உழுதார், வரி கட்டினார், யாரும் எதுவும் கேட்கவில்லை. விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் போடும் பிஎம் கிசானில் வருஷம் 6,000 ரூபாய் மூன்று தவணையாக ஊரில் மற்றவர்களுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு தவணைகூட வரவில்லை. "பட்டா உன் பேர்ல இல்லையேப்பா" என்றார்கள். அவரும் விட்டுவிட்டார். அவர் இறந்த வருஷம் சம்பா நெல்லுக்கு இன்சூரன்ஸ் கட்டப் போன அம்மாவையும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். விவசாயி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனவர் அப்படியே திரும்பி வந்தார். அந்த வருஷம் பார்த்துக் கதிர் வாங்கும் நேரத்தில் கண்மாய் வற்றி, பயிர் வைக்கோலாகப் போனது.

சரி, மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் சறுக்கல் என்னுடையதுதான். அப்பாவின் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி அம்மா, நான், தம்பி என்று மூன்று பெயர் போட்டேன். அப்பத்தா பெயரைப் போடவில்லை. மகன் இறந்தால் தாயும் முதல் நிலை வாரிசு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மனு தள்ளுபடி. திரும்ப முதலிலிருந்து.

அடுத்தது ஐயாவின் இறப்புச் சான்று. 1984-ல் யாரும் பதிந்திருக்கவில்லை. பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி மனு, 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று, அதை வைத்துக் கோட்டாட்சியரிடம் மனு. அதற்கு ஆதாரம் வேண்டுமே? அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்ததில் கிரயப் பத்திரத்துக்குள் மடித்து வைத்திருந்த கருமாதிப் பத்திரிகை கிடைத்தது. கறுப்புக் கரை போட்ட அட்டை. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தாலும் தேதி அப்படியே இருந்தது. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. பழைய பத்திரிகை எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

ஐயாவின் வாரிசுச் சான்றுக்கு வந்தபோதுதான் எனக்கு இன்னும் ஆறாத அந்தச் சம்பவம். அப்பத்தா, அப்பா, இரண்டு அத்தைமார் என்று நான்கு பேர் எழுதியிருந்தேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் பேனாவால் அத்தைமார் பெயரைத் தட்டிக்கொண்டே, "இவங்களுக்குக் கல்யாணம் எப்போ?" என்றார். 1978, 1986. "அப்போ அடிச்சிடுங்க. 89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

பக்கத்திலேயே பெரிய அத்தை நின்றுகொண்டிருந்தார். பேருந்து ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்ததும், "கொடுக்கிறதும் விடுறதும் என் இஷ்டம். இல்லைன்னு சொல்ல அவரு யாரு?" என்றார்.

மேசைக்காரர் சொன்ன 1989 தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கானது. அந்தத் திருமணக் கணக்குகூட 2005 மத்தியத் திருத்தத்தோடு போயிற்று. எங்கள் நிலமோ ஐயா தன் காசில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மகளுக்குக் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை.

அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவைத் தமிழில் அச்செடுத்து, 1967 கிரயப் பத்திர நகலோடு போனேன். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே நம்பர், பட்டாவில் இருப்பது புதியது. இரண்டும் ஒரே வயல்தான் என்று காட்ட 'அ' பதிவேட்டு (கிராமத்து நிலப் பதிவேடு) நகலும் வாங்கிக்கொண்டேன். இதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதற்கு ஒரு நடை. மேசைக்காரர் இந்த முறையும் தலையை ஆட்டினார். நான் நகராமல் நின்றதில் துணை வட்டாட்சியரே எழுந்து வந்து பத்திரத்தைப் பார்த்தார். "அவங்க அப்பா வாங்குன சொத்துதானே, நாலு பேரையும் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று மாதம், நான்கு நடை.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வாக்குமூலம், பட்டா மாறுதல் மனு எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தன. ஒன்று மட்டும் சொல்கிறேன், திங்கட்கிழமை போகாதீர்கள். கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் என்று பாதிப் பேர் அங்கே போய்விடுவார்கள், நீங்கள் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும் நாட்களிலும் இதே கதைதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டாவை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆறு பெயர். தன் பெயர் வந்ததும் "எங்கே, காட்டு" என்று வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷம் அந்த வயலில் நாற்று நட்டவர், அதற்கான காகிதத்தில் தன் பெயர் இருப்பதை இப்போதுதான் கேட்கிறார். அத்தைமார் இருவரும் அம்மாவே பயிர் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருஷ இன்சூரன்ஸுக்கு அடங்கல் (என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு நகல்) வாங்கியாயிற்று.

சின்ன அத்தை பெயரில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை. திருத்த மனு எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை போகிறேன்.