36.5க்குக் கீழ வேண்டாம்

நவம்பர் 17
ஒட்டுசுட்டானில வெளிக்கிடேக்கையே வலி. 33 கிழமைதான். 1990 நம்பருக்கு அடிச்சு அம்புலன்ஸ் வந்தது. மாங்குளம் றோட்டில யானை. மிச்சம் பிறகு.

நவம்பர் 18
ஊசி போட்டவை. பிள்ளையின்ர நுரையீரல் முதிரவாம். ஒரு நாளெண்டாலும் தள்ளிப்போனாப் பலன் கூட எண்டார் டொக்டர். வயித்தைத் தடவித் தடவிக் கெஞ்சுறன்.

நவம்பர் 20
பெடியன். 1,640 கிராம். உடன அழேல்லை. நேர்ஸ் மிஸ்ஸி துடைச்சு முதுகைத் தேச்சா, பிறகு முகமூடி வச்சுப் பையை அமத்திக் காத்துக் குடுத்தா. முதல் நிமிசம்தானாம் எல்லாம். பை அமுங்கின சத்தம் இப்பவும் காதில.

நவம்பர் 21
பிள்ளையின்ர கால் சில்லிடுது.

நவம்பர் 22
பிள்ளையை என்ர நெஞ்சோட வச்சுக் கட்டியிருக்கினம். தொப்பி, சொக்ஸ், நப்கின், வேற ஒண்டுமில்லை. உடம்புச் சூடு 36.5க்குக் கீழ இறங்கக்கூடாது. குறைமாசத்துக்குத் தோலுக்குக் கீழ கொழுப்புக் குறைவு. குடிக்கிற பால் முழுக்க உடம்பைச் சூடாக்கவே போயிடும், சீனி இறங்கும், மூச்சும் தடுமாறும். இங்குபேற்றர் போதாமல் 1978 இல கொலம்பியாவில தொடங்கினதாம் இது. முந்தி பிள்ளை தேறினாப்பிறகுதானாம். 2022 இல உலக சுகாதார நிறுவனம் பிறந்த கையோடயே வைக்கச் சொல்லிட்டுதாம். டொக்டர் சொல்லச் சொல்ல எனக்கு ஒரே யோசினை: நான் நித்திரையானா? புரண்டா? கட்டு இறுக்கம், தாடை நிமிர்ந்திருக்கு, மூக்கு வெளியில எண்டு மிஸ்ஸி காட்டிப்போட்டுத்தான் போனா. நான் காலைத் தொட்டுக்கொண்டே கிடக்கிறன்.

நவம்பர் 23
மாமி வந்தவ. இன்னும் குளிப்பாட்டேல்லையோ? தொப்புளுக்கு எண்ணெயும் கொண்டந்தவ. ஒண்டும் பூசப்படாது, தானாக் காயட்டும் எண்டா மிஸ்ஸி. மாமி மூஞ்சையை நீட்டிக்கொண்டு போட்டா. இடம்பெயர்ந்த நேரம் ரெண்டைப் பெத்தவ. ஒண்டு தங்கேல்லை. அதை அவ கதைக்கிறதில்லை.

நவம்பர் 24
1,560. குறையிறது வழமைதானாம். சொல்லுறவைக்கென்ன.

நவம்பர் 25
பக்கத்துக் கட்டில் வெறுமையாக் கிடக்குது.

நவம்பர் 26
மூச்சு எண்ணுறன். நிமிசத்துக்கு 60க்குப் போனாச் சொல்லோணும். 52. 56. 48. நடுச்சாமம் நிண்டுபோன மாதிரி. உள்ளங்காலைச் சுண்டினன். எடுத்தான். மிஸ்ஸி ஓடிவந்து பாத்தா, விடியுமட்டும் பக்கத்திலயே நிண்டா. கால் சூடுதான்.

நவம்பர் 28
இவர் சேட்டைக் கழட்டிப்போட்டுப் பிள்ளையை வாங்கினார். வார்ட்டே சிரிப்பு. 36.9! எனக்குப் பொறாமை.

டிசம்பர் 1
1,625. பால் குடுத்த குழாயைக் கழட்டிப்போட்டினம். 34 கிழமை தாண்டினாத்தான் உறிஞ்சி விழுங்கி மூச்சுவிடுறது ஒழுங்குக்கு வருமாம். கிண்ணத்தால குடுத்தா பாதி என்ர கழுத்தில. பின்னேரம் மார்பில வச்சுப் பாக்கச் சொன்னவை. மிஸ்ஸி வாறா