சென்டர் பேக்கின் வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர்: காகிதங்கள் எங்கே சிக்கும்?

கால்பந்தில் ஒரு சென்டர் பேக்கின் (நடுத் தடுப்பாட்டக்காரரின்) வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர், அதாவது கிளப் மாற்றம், இந்த முறையும் விண்டோ (ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய அனுமதிக்கும் காலம்) மூடுவதற்குச் சற்று முன்புதான் முடிந்தது. சம்பளம், ஒப்பந்த ஆண்டுகள், வீடு, விமான டிக்கெட் எல்லாம் ஒரே அமர்வில் பேசி முடிந்தவை. உயிரை வாங்கியதெல்லாம் காகிதம்தான். அடுத்து இந்த வழியில் போகும் ஆட்டக்காரர்களும் அவர்களின் வீட்டாரும் அதே இடங்களில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

தடுப்பாட்டக்காரரின் டிரான்ஸ்ஃபர் கடைசி நாள் வரை இழுக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோல் அடிக்கும் ஸ்டிரைக்கர் போனால், ஓரத்தில் ஆடும் விங்கரை நடுவில் நிறுத்திச் சில ஆட்டங்களை ஓட்டிவிடலாம். சென்டர் பேக் போனால் அப்படிச் சமாளிப்பது கடினம். மாற்று ஆள் கையெழுத்துப் போடும் வரை பயிற்சியாளர் விடமாட்டார், அந்த மாற்று ஆளை அனுப்பும் கிளப்பும் தனக்கொரு மாற்றைத் தேடிக்கொண்டிருக்கும். 2025 செப்டம்பர் 1 அன்று, அப்போது இங்கிலாந்தின் கிறிஸ்டல் பேலஸ் கிளப்பில் சென்டர் பேக்காக இருந்த மார்க் கெஹி லிவர்பூலுக்குப் போவது கிட்டத்தட்ட முடிந்த நிலையில் நின்றுபோனது இதனால்தான். பேலஸுக்கு மாற்று சென்டர் பேக் அமையவில்லை. சம்மதம் கடைசி இரவில்தான் வரும் என்றால், காகிதங்கள் பல வாரங்களுக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பழைய கிளப்புடனான ஒப்பந்தம் முடிந்ததற்கான ஆதாரம்தான் எங்களை அதிகம் வதைத்தது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் டிஎம்எஸ் தளத்தில் (டிரான்ஸ்ஃபர்களைப் பதியும் இணையதளம்) புதிய ஒப்பந்தம், பாஸ்போர்ட், கிளப்புகளுக்கு இடையிலான உடன்படிக்கை ஆகியவற்றோடு இதையும் ஏற்ற வேண்டும். ஆட்டக்காரரின் பொருளாதார உரிமையில், அதாவது அவரது டிரான்ஸ்ஃபர் பணத்தில், மூன்றாம் நபருக்குப் பங்கில்லை என்ற உறுதிமொழியும் வேண்டும் (அத்தகைய பங்கு 2015 மே 1 முதல் தடை). அதில் ஆட்டக்காரரும் பழைய கிளப்பும் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த ஆதாரத்தைப் பழைய கிளப் அலுவலகத்தில் கேட்டால் கையெழுத்து அதிகாரம் உள்ளவர் வெளியூரில் என்றார்கள். பிறகு வந்த ஸ்கேனில் கடைசிப் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் தேதியும் முத்திரையும். அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆகவே பிரியும் அன்றைக்கே, அதே மேசையில், எல்லாப் பக்கங்களிலும் இரு தரப்பும் கையெழுத்திட்ட முழுப் பிரதியை வாங்கிவிடுங்கள். அனுப்பி வைக்கிறோம் என்ற பேச்சை நம்பி எழுந்து வராதீர்கள்.

ஒப்பந்தம் முடிந்த அந்தத் தேதியும் சாதாரணமானதல்ல. விண்டோ மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்துவிட்ட ஆட்டக்காரரை, விண்டோவுக்கு வெளியேயும் பதிவு செய்ய விதி இடம் தருகிறது. ஒரு நாள் தள்ளித் தேதி விழுந்தால் அந்த வாசல் மூடிவிடும், அடுத்த விண்டோ வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

டிஎம்எஸ்ஸில் இரண்டு கிளப்புகளும் தனித்தனியாக விவரங்களைப் பதிய வேண்டும், இரண்டும் பொருந்த வேண்டும். தொகை, நாணயம், தவணைத் தேதிகள், நிரந்தரமா லோனா (தற்காலிக இரவலா), மறுவிற்பனைச் சதவீதம் (பின்னால் விற்கும்போது பழைய கிளப்புக்கு வரும் பங்கு) என எதில் வேறுபட்டாலும் கோப்பு அப்படியே நிற்கும். ஒரு பக்கம் தவணைத் தேதி 30 என்றும் மறுபக்கம் 31 என்றும் இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு இலக்கத்தைத் திருத்துவதற்கு இரண்டு நாடுகளில் ஆட்களை எழுப்ப வேண்டியிருந்தது. கையெழுத்தான பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, இரு தரப்பும் போனில் வரிவரியாக வாசித்தபடியே பதிவதுதான் பாதுகாப்பான வழி. நேரம் தவறினால் சலுகை கிடையாது. 2017 ஆகஸ்ட் 31 அன்று போர்ச்சுகல் ஆட்டக்காரர் அட்ரியன் சில்வாவின் காகிதங்கள் 14 விநாடி தாமதமாயின. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டிக்கு அவர் ஆட 2018 ஜனவரி வரை காத்திருந்தார்.

அடுத்த தலைவலி பிளேயர் பாஸ்போர்ட். 12 வயது சீசனிலிருந்து எந்தெந்த கிளப்பில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவில் இருந்தார் என்ற பட்டியல் அது. சென்டர் பேக்குகள் பெரும்பாலும் மெதுவாகவே பழுக்கிறார்கள். 18 முதல் 21 வயது வரை லோனில் ஊர் ஊராகப் போயிருப்பார்கள், அதனால் அவர்களின் பட்டியல் நீளம், இடைவெளிகளும் அதிகம். சிறு வயது கிளப்பின் பதிவில் பெயரின் எழுத்து ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். இதை நாட்டின் கால்பந்துச் சம்மேளனத்தில் சரிசெய்ய விண்டோ இல்லாத மாதங்களே உகந்தவை.

சிறிய கிளப்புகளுக்கு இந்தப் பட்டியல்தான் வருமானம். டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் வளர்த்த கிளப்புகளுக்குப் போகிறது. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு சீசனுக்கும் 0.25, 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 சதவீதம். 10 லட்சம் யூரோ டிரான்ஸ்ஃபரில், 17 வயதில் ஒரு சீசன் பயிற்சி தந்த கிளப்புக்கு 5,000 யூரோ. தேதி தவறினால் வேறொரு கிளப்பின் கணக்கில் ஏறிவிடும். லோன் காலத்தின் பங்கு லோனில் எடுத்த கிளப்புக்கே உரியது.

லோனில் அலைந்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவு செய்யலாம், ஆனால் இரண்டுக்குத்தான் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடலாம். சீசன் தொடக்கத்தில் கோப்பை ஆட்டமொன்றில் கடைசி ஒரு நிமிடம் மாற்று வீரராக இறங்கியதும் கணக்கில் சேரும். லோனுக்குப் போகும் திட்டம் இருந்தால், அந்த ஒரு நிமிடத்தை வேண்டாம் என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மருத்துவப் பரிசோதனை எங்களுக்குச் சுலபமாகவே போனது, காரணம் முன்தயாரிப்பு. தடுப்பாட்டக்காரர் என்றால் முழங்கால், கணுக்கால், தொடை இடுக்கு, தலையில் பட்ட அடிகள் ஆகியவற்றைத்தான் துருவுவார்கள். எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது. மூலப் படங்கள் அடங்கிய வட்டு, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மூளை அதிர்ச்சி ஏற்பட்ட தேதிகள், எத்தனை நாள் ஓய்வுக்குப் பின் திரும்பினார் என்பது வரை ஒரே கோப்பில் இருக்கட்டும். பல்லையும் விடாதீர்கள். 2009-இல் லெஃப்ட் பேக் (இடது ஓரத் தடுப்பாட்டக்காரர்) அலி சிசோகோ போர்ட்டோவிலிருந்து ஏசி மிலானுக்குப் போவது பல் பிரச்சினையைக் காட்டித்தான் கைவிடப்பட்டது. அந்தக் கோடையிலேயே பிரான்ஸின் லியோன் கிளப் அவரை எடுத்துக்கொண்டது.

பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதியின் 18-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை, வேலை அனுமதிக்கும் அப்படித்தான். அதனால் கிளப் பரிசோதனையை முடித்த பிறகே கையெழுத்திடும். இதில் ஆட்டக்காரருக்குத்தான் ஆபத்து. புதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் பழைய ஒப்பந்தத்தை முறிக்கும் தாளில் கைவைக்காதீர்கள். இடையில் ஏதாவது நின்றுபோனால் இரண்டு கிளப்பும் இல்லாமல் போய்விடும்.

ஒப்பந்தத்திலேயே ஒரு வரியை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள். கிளீன் ஷீட் போனஸ் (அணி கோல் வாங்காத ஆட்டத்துக்குத் தரும் பணம்) என்றால் எத்தனை நிமிடம் களத்தில் இருக்க வேண்டும்? கோல் விழாத நிலையில் 60-ஆவது நிமிடத்தில் வெளியே வந்து, 85-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கினால் பணம் உண்டா? எழுத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் தகராறு.

ஒரு நாட்டுச் சம்மேளனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற அனுமதிக்கும் சர்வதேச இடமாற்றச் சான்றிதழ் முன்பு பெரிய இழுவை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இடைக்கால விதிப்படி, பழைய சம்மேளனம் 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும், தராவிட்டால் புதிய சம்மேளனமே பதிவு செய்துகொள்ளலாம். இந்தக் கட்டம் மட்டும் நிம்மதி.

ஆனால் சான்றிதழ் வந்த கையோடு ஆடிவிட முடியாது. லீக்கின் தகுதிப் பட்டியலும் வேலை அனுமதியும் தனி. பட்டியலில் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்காமல் பூட்ஸ் கட்ட வேண்டாம். பல போட்டிகளில் தகுதியில்லாதவர் இறங்கிய ஆட்டத்தை எதிரணிக்கு 3-0 என்று தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.