போலோவை 30 மி.மீ. இறக்கினேன்: சேலம் வேகத்தடையிலும் ஏற்காடு வளைவிலும் ஓட்டிப் பார்த்தது

வண்டி போக்ஸ்வாகன் போலோ, பெட்ரோல். தினமும் கோரிமேட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை வேலைக்குப் போய்வரும். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. நிறுத்தி வைத்துப் படம் பிடிக்கிற வண்டி இல்லை என்பதால், வண்டியைத் தாழ்த்தும் குட்டை ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் வழியிலிருக்கும் வேகத்தடைகளை அளந்தேன். இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எங்கள் தெருமுனையில் போட்டிருப்பவர்கள் உயரத்தை மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டு அகலத்தை மறந்துவிட்டார்கள். இரண்டு முழத்துக்குள் ஏறி இறங்கிவிடும். நாலு பேர், டிக்கியில் பை என்று ஏற்றிக்கொண்டு அதன்மேல் போனால் அடியில் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்தேன். 40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் ஆசை அங்கேயே போய்விட்டது. 30 வாங்கினேன்.

வண்டி எவ்வளவு தாழ்வாக நிற்கிறது என்பதுதான் எல்லோர் கண்ணிலும் படும். ஓட்டும்போது தெரிவது, சக்கரம் மேலே எழும்ப இன்னும் எவ்வளவு தூரம் மிச்சம் இருக்கிறது என்பது. ஷாக் அப்சார்பர் தண்டில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு நுரை ரப்பர் மாட்டியிருக்கும். கம்பெனி உயரத்தில் சக்கரம் அதைத் தொடுவதற்கு நல்ல இடைவெளி உண்டு. 30 மி.மீ. இறக்கினால் அந்த இடைவெளியிலிருந்தே 30 மி.மீ. போகிறது. அதனால்தான் இறக்கும் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கெட்டியாகச் செய்கிறார்கள், பம்ப் ஸ்டாப்பையும் குறிப்பிட்ட அளவுக்கு வெட்டச் சொல்கிறார்கள். பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கட்டரால் அறுத்து இறக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. செலவு இல்லைதான். ஆனால் வெட்டிய முனை ஸ்பிரிங் உட்காரும் தட்டில் சரியாகப் பொருந்தாது, ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறவும் செய்யும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு அது வேண்டாம்.

வேலையைச் சூரமங்கலம் பக்கம் தெரிந்த மெக்கானிக் அண்ணன் கடையில் செய்தோம். கழற்றுவதற்கு முன் நாலு சக்கரத்திலும் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் வளைவு வரை அளந்து எழுதி வைத்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றுக்குத் தகுந்த மாதிரி கணக்கு மாறும். முன்னால் 382 மி.மீ., பின்னால் 380.

பின்பக்கம் சுலபம். இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம், அதாவது டார்ஷன் பீம் என்பதால் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கினால் பீம் தாழ்ந்து ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

முன்பக்கம்தான் நேரம் தின்றது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் முழுவதையும் வெளியே எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸரால் அமுக்கி, மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அமுக்கிய ஸ்பிரிங்கில் இருக்கும் விசை ஆளைக் கொல்லக்கூடியது. அண்ணன் கம்ப்ரஸரை மாட்டிவிட்டு, "தம்பி, நேரா நிக்காதீங்க, சைடுல வாங்க" என்றார். வேலை முடியும்வரை யாரையும் ஸ்பிரிங்கின் நீள வாக்கில் நிற்க விடவில்லை. வீட்டில் செய்து பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு கட்டத்தையாவது கடையில் விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் மவுண்ட், பேரிங் இரண்டையும் புதிதாகவே போட்டோம். எல்லாம் பிரிந்து கிடக்கும்போது கூலி தனியாக ஆகாது.

இன்னொன்று, லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் ஆர்மின் ரப்பர் மூட்டு. உயரம் குறைந்ததும் ஆர்ம் நிற்கும் கோணம் மாறும், ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். அந்த போல்ட்டைத் தளர்த்தி, வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகுதான் அண்ணன் இறுக்கினார். கேட்காமலே செய்தார். அதற்காகத்தான் அந்தக் கடை.

இறக்கி, கொஞ்சம் ஓட்டி உட்காரவிட்டு அளந்தபோது முன்னால் 351, பின்னால் 354. மறுநாளே வீல் அலைன்மெண்ட். இறக்கினால் முன்சக்கரங்களின் தலை உள்பக்கம் சாயும், டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) நகர்ந்துவிடும். சாய்வு கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, டயரை உரித்துத் தின்பது டோ. அதைச் சரிசெய்யாமல் பெங்களூர் ஒருமுறை போய்வந்தால் டயரின் உள்விளிம்பு சொல்லிவிடும். ஹெட்லைட் மட்டத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தினோம்.

இனி ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தட்டு. 10 மி.மீ., நாலு சக்கரத்துக்கும் வாங்கினேன். இதில் நடு ஓட்டைதான் உயிர். போலோவின் ஹப் 57.1 மி.மீ. ஸ்பேசர் அதில் இறுக்கமாக உட்கார வேண்டும், வெளிப்பக்கம் அதே அளவில் ஒரு விளிம்பு இருந்து வீலைத் தாங்க வேண்டும். லேத்தில் வெறும் அலுமினியத் தட்டைக் கடைந்து ஐந்து ஓட்டை போட்டுத் தருவார்கள். அதில் வீல் நடுவில் உட்காராது, 80-ல் ஸ்டியரிங் நடுங்கும். இந்த வண்டியில் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் கிடையாது, போல்ட். அதனால் ஸ்பேசர் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளம் கூடிய போல்ட் வேண்டும். போல்ட் உட்காரும் இடம் கம்பெனி வீலில் உருண்டை வடிவம். கூம்பு வடிவ போல்ட்டைப் போட்டால் இறுக்கியது போலவே இருக்கும், ஆனால் ஒரு கோட்டில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பழைய போல்ட் எத்தனை சுற்று உள்ளே போனதோ, புதிதும் குறைந்தது அத்தனை போகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி அதே அளவில் இறுக்கினேன்.

டிக்கியில் பழைய போல்ட் ஐந்து ஒரு பையில் கிடக்கிறது. பஞ்சரான இடத்தில் ஸ்பேசரைக் கழற்றிவிட்டு நீள போல்ட்டையே போட்டால், அதன் முனை பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பாகங்களை இடிக்கலாம்.

ஏற்காடு போனோம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் தம்பியும் அவன் நண்பர்கள் இருவரும், கனத்துக்காக வந்தவர்கள், மேலே போனதும் காபி வாங்கித் தர வேண்டும் என்பது கூலி. கிளம்பும் முன் ஃபெண்டர் உள்விளிம்பில் சாக்பீஸ் தடவி வைத்தேன். கொண்டை ஊசியில் உள்பக்கச் சரிவு செங்குத்தாக இருப்பதால் வண்டி குறுக்குவாட்டில் முறுக்கிக்கொண்டு ஏறும். உரசுவதாக இருந்தால் அங்கேதான் உரசும். மேலே போய்ப் பார்த்தபோது பின்னால் சாக்பீஸ் அப்படியே இருந்தது, முன்னால் சக்கர வளைவுக்கு உள்ளே இருக்கும் இடப்பக்க லைனரில் லேசான கோடு.

ஸ்பிரிங்கின் பலன் முதல் சில வளைவிலேயே தெரிந்தது. திருப்பியதும் உடம்பு சாய்ந்து, பிறகு யோசித்து, பிறகு திரும்புகிற அந்தத் தாமதம் போய்விட்டது. பின்சீட்டுக்காரர்கள் கைப்பிடியைத் தேடவில்லை. முன் ஸ்பேசரின் பலன் வேறு மாதிரி. சக்கரம் வெளியே தள்ளி நிற்பதால், சாலையில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வந்தால் அடி நேராக ஸ்டியரிங்குக்கு வருகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி ஒட்டுப்போட்ட தார் மேல் போனால் ஸ்டியரிங் கையை இழுக்கிறது. பேரிங்குக்கும் இது கூடுதல் சுமை. கீழே வந்த வாரமே முன் ஸ்பேசர் இரண்டையும் கழற்றிவிட்டேன். கணக்குப்படி பின்னால் மட்டும் அகலமாக்கினால் வண்டி மூக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளப் பார்க்கும். நான் ஓட்டுகிற வேகத்தில் அது தெரியவில்லை. பின்னாலிருந்து பார்க்க அழகாக இருக்கிறது என்பது மட்டும்தான் பின் ஸ்பேசர்கள் இன்னும் அங்கே இருப்பதற்குக் காரணம், இதை ஒளிப்பானேன்.

சட்டம்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். டயர், வீல் அளவைத் தொடவில்லை, இன்சூரன்சுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பழைய ஸ்பிரிங் பரணில் இருக்கிறது. செய்ய நினைப்பவர்கள் இதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து மட்டும். முட்டிவலிக்காரர். "முன்னெல்லாம் சேர்ல உக்கார மாதிரி இருந்துச்சு, இப்ப பாய்ல உக்காந்து எந்திரிக்கணும்" என்கிறார். மூன்று செ.மீ. அவருக்குத் தெரிகிறது. ஐந்து ரோடு சிக்னலில் பக்கத்தில் நிற்பவர் யாருக்கும் தெரிவதில்லை.

ஷாக் அப்சார்பர் இன்னும் கம்பெனி போட்டதுதான். கெட்டி ஸ்பிரிங் எழும்புவதை அது முழுதாக அடக்கவில்லை. நெடுஞ்சாலையில் பாலத்து இணைப்புகளைத் தாண்டியதும் பின்பக்கம் இன்னொரு முறை எழுந்து அடங்குகிறது. போனஸ் வந்ததும் நாலையும் மாற்ற வேண்டும்.