சுற்றாடல் பொறியியலுக்கு நான் போன வழி

"அண்ணா, சுற்றாடல் பொறியியல் எங்க படிக்கலாம்?" உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. அந்தப் பெயரிலேயே பட்டம் தேடினால் இலங்கையில் அதிகம் அகப்படாது. ருகுணுப் பல்கலைக்கழகத்தில் குடிசார், சுற்றாடல் பொறியியல் இரண்டும் ஒரே துறையாக இருக்கின்றன. நான் படித்தது கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில். குடிசார் பொறியியலுக்குள் போய், அங்கிருந்து தண்ணீர்ப் பக்கம் திரும்பினேன்.

முதலில் உயர்தரக் கணிதப் பிரிவு. இணைந்த கணிதமும் பௌதிகவியலும் கைகொடுத்தால் போதும் என்று இரசாயனவியலை ஒப்புக்குப் படிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கட்டடம் கட்டப் போகிறவருக்கு அது சரிவரலாம், தண்ணீரைச் சுத்திகரிக்கப் போகிறவருக்குச் சரிவராது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிப்பார்கள். வன்னி மாவட்டங்களுக்கு அந்த 5 வீதத்திலும் இடமுண்டு. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ஆசிரியர் இல்லாத பாடத்தைத் தானே படித்து எழுதிய பிள்ளைக்கு அது உரித்தானது.

உள்ளே போனதும் தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள், பிறகுதான் துறை பிரியும். விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் என்பதால் முதல் பருவம் மூச்சு முட்டும். அது பழகிவிடும்.

எனக்கு இந்தப் படிப்பு பிடிபட்டது இறுதி வருட ஆய்வில்தான். வவுனியா பக்கத்துக் கிராமங்களில் கிணற்று நீரிலும் குழாய்க்கிணற்று நீரிலும் புளோரைட் அளந்தோம். மாதிரி நீரில் ஒரு சிவப்புச் சாயக் கரைசலை விடுவோம். புளோரைட் கூடக் கூட அந்தச் சிவப்பு வெளிறும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவி எண்ணாகக் காட்டும். இலங்கைத் தரநிர்ணயப்படி குடிநீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் எல்லை, உலக சுகாதார நிறுவனம் 1.5 வரை விடுகிறது. கடும்பாறைக்குள் நெடுநாள் கிடந்த நீரில் இது கூடுதலாகச் சேரும். ஒரு வீட்டில் ஆச்சி சொன்னார்: "தம்பி, நாங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்." கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. நீர் ஆவியாக ஆக அது இன்னும் செறிவாகும். பக்கத்தில் நின்ற பேரனின் பல்லில், புளோரைட் கூடினால் வரும் மஞ்சள் கறை தெரிந்தது. ஆச்சிக்கு அதை விளக்கிச் சொல்வதற்கு, பரீட்சைக்கு எழுதியதைவிடக் கூடுதலாக யோசிக்க வேண்டியிருந்தது.

இப்போது ஊருக்கு ஊர் ஆர்.ஓ. இயந்திரம், அதாவது நீரை மென்சவ்வு வழியாக அழுத்திச் சுத்திகரிக்கும் இயந்திரம், வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் உப்பு நீர் எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. பின்வளவில் விட்டால் அது மறுபடி நிலத்துக்குள்தான் இறங்கும். அந்தக் கேள்வியைக் கேட்பதும் எங்கள் தொழில்தான்.

வேலை என்று பார்த்தால் முதலில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. அடுத்தது மத்திய சுற்றாடல் அதிகார சபை. கழிவுநீர் வெளியேற்றும் தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை என்பதால், சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கும் தனியார் நிறுவனங்களிலும் இடமுண்டு. அரச வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதுவரை சும்மா இராமல் ஒப்பந்த நிறுவனமொன்றில் குழாய் பதிக்கும் வேலைத்தளத்தில் நின்றேன். அங்கே படித்தது இன்றைக்கும் உதவுகிறது.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தைக் அங்குள்ள விவசாயிகள் எதிர்த்ததும், பிறகு தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிறுபோக வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அறியாதவர் இங்கே குடிநீர்த் திட்டம் வரையக்கூடாது என்பது என் கருத்து.

தெரிவுப் படிவம் நிரப்பும் தம்பி தங்கச்சிமாருக்கு இன்னும் ஒன்று. சேரப் போகும் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் அந்த நிறுவனம் 2014 இல் இணைந்தது, வெளிநாட்டில் பட்டம் செல்லுபடியாக இது உதவும். வவுனியா பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானம் நல்ல பட்டம், ஆனால் அது பொறியியல் பட்டம் அல்ல. பட்டயப் பொறியியலாளர் ஆக விரும்புபவர் இதைப் படிவம் நிரப்பும்போதே அறிந்திருக்க வேண்டும். கைத்தொழிற் பயிற்சிக்கு இடம் கேட்கும்போது நீர் சுத்திகரிப்பு நிலையமொன்றைக் கேட்டு வாங்குங்கள்.